பேனரில் இறந்துபோனவர்

அன்று ஷாமியானாவுக்குக் கீழே இருந்தவர்கள் இருபத்தொரு பேர். பிறந்தநாள்காரர் ஒருவர். அவர் மனைவி. எப்போதும் அவர் கூடவே திரியும் நண்பர்கள் நான்கு பேர். தலைமை தாங்க வந்த பிரெஞ்சு பென்ஷன்காரர். பழைய பிரெஞ்சுப் பட்டாளத்து ஆள் என்பதால் எங்கள் பக்கத்தில் சொல்தா என்று கூப்பிடுவார்கள். ஃபோட்டோக்காரர். வீடியோக்காரர். அவருக்கு லைட் பிடித்த அவருடைய மச்சான். மைக் செட்காரர். தையல் மிஷின் கடையிலிருந்து பில் புத்தகத்தோடு வந்த ஆள். உதவி வாங்க வந்த பெண்கள் ஐந்து பேர், அதில் நான் ஒருத்தி. என்னைக் கூட்டிக்கொண்டு வந்த எதிர்வீட்டு அக்கா. வெயிலுக்கு ஒதுங்கி, டீக்கடையிலிருந்து டம்ளரோடு வந்து நின்ற கிழவர்கள் மூன்று பேர்.

எண்ணுவது என் பழக்கம். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன், ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கேட்பது, யார் பார்த்தார்கள் என்று மனசு முன்னாலேயே ஓடிப்போய் நிற்கும். என் வீட்டுக்காரர் அந்த இருபத்தொரு பேரில் இல்லை. அவர் அந்த நேரத்தில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். உயிரோடுதான் இருந்தார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். உப்பளத்தில் ஒரு தையல் கடையில் பீஸ் கணக்குக்கு வேலை செய்தேன். கடைக்காரர் கடையை மூடிவிட்டு வெளியூர் போனார். மிஷின்களும் அவரோடு லாரியில் ஏறிப்போயின. அதே சமயம் ஒரு சின்ன நர்சரி பள்ளிக்கூடத்து மேடம், பழைய பழக்கத்தில், அறுபது பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கும் வேலையை எனக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடிக்க வேண்டும். முடித்துக் கொடுத்தால் வருஷா வருஷம் அந்த வேலை என்னுடையது. துணி வந்து மூட்டையாக வீட்டில் கிடந்தது. மிஷின் இல்லை. மூட்டையை எலி கடித்துவிடுமோ என்று நான் அதைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தரையில் படுத்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா வந்து சொன்னாள்.

“அண்ணன் பொறந்த நாளைக்கு இந்த வருசம் தையல் மிஷின் குடுக்கறாராம். ஆளு தேடறாங்க. உன் பேரச் சொல்லவா?”

“எனக்கு எதுக்குக்கா குடுக்கணும்? பதிலுக்கு என்னா கேப்பாரு?”

“ஒண்ணும் கேக்க மாட்டாரு. பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாரு. அதுக்குமா பயம் உனக்கு?”

அண்ணன் என்று சொன்னாலும் அவர் என்னைவிட மூன்று வயசு சின்னவர். அவருடைய அப்பாவும் என் மாமனாரும் ஒரே மில்லில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். மில் ஒழுங்காக ஓடாமல் போனபிறகு, அண்ணன் மனைக்கட்டு வாங்கி விற்கும் புரோக்கர் தொழிலுக்குப் போய்க் கொஞ்சம் காசு பார்த்தார். காசு வந்ததும் அவர் முதலில் வாங்கியது வீடோ நகையோ கிடையாது. நான்கு முனைச் சந்திப்பில் இருபதடி உயரத்துக்குத் தன் முகத்தை வாங்கினார்.

அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் பேனர் இல்லாத மூலை கிடையாது. பிறந்தநாள், கல்யாண நாள், மகளுக்குக் காதுகுத்து, புது வண்டி எடுத்தது, எல்லாவற்றுக்கும் அவர் முகம் ஏறும். பிறந்தநாளுக்கு வாழ்த்து சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல இன்னொன்று. ஒன்றில் போன் பேசிக்கொண்டிருப்பார். ஒன்றில் காரிலிருந்து இறங்குவார். ஒன்றில் புலி ஒன்று அவர் பக்கத்தில் நாய்க்குட்டி மாதிரி நடந்து வரும். கீழ் வரிசையில் நண்பர்களின் தலைகள் ஸ்டாம்பு அளவில் இருக்கும். யார் தலை முதலில் வருவது என்று அவர்களுக்குள் அடிதடியே நடந்திருக்கிறது. இப்படித் தினமும் பார்த்துப் பார்த்து, நேரில் முதல்முறை பார்த்தபோது எனக்கு அவர் ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார். நல்ல வெயிலில் முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார்.

நானும் போட்டிருந்தேன். அதை மறைத்து எழுத முடியாது. போட்டோ என்றதும் எதிர்வீட்டு அக்காவின் பட்டுப்புடவையை இரவல் வாங்கிக் கட்டி, இரண்டு முழம் மல்லிப்பூ வைத்து, கண்ணாடியில் நாலு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். எட்டு வருஷமாக யாரும் என்னைப் படம் எடுத்ததில்லை.

நண்பர்களில் ஒருவன் என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

“என்னாக்கா, கல்யாணத்துக்கா வந்த? இப்பிடி நின்னா மிஷின் நீதான் அண்ணனுக்குக் குடுக்கற மாரி இருக்கும்.”

“இதுதான்பா இருந்துச்சு.”

“வீட்டுக்குப் போய் வேற கட்டிக்கினு வா. பூவ எடுத்துடு. கழுத்துல பளபளன்னு இருக்கே, அத உள்ள தள்ளிக்க. லைட்டு பட்டா மின்னும், படத்துல வெள்ளையா அடிச்சிடும்.”

போனேன். சாயம் போன நீலப் புடவைக்கு மாறினேன். பூவை எடுத்து ஆணியில் மாட்டினேன். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளினேன். மூன்றையும் என் கையால்தான் செய்தேன். லேட்டாகப் போனால் மிஷினை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்ற ஒரே பயத்தில் திரும்ப ஓடினேன்.

இரண்டு பேருக்குப் புடவை, ஒருத்திக்கு இட்லிப் பானை, ஒருத்திக்கு சைக்கிள், கடைசியாக எனக்கு மிஷின். கொடுப்பவர் வாங்குகிறவளைப் பார்ப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் ஒரு கையை மிஷின் சக்கரத்தின்மேல் வைத்தார், மறுகையை என் தலைக்குமேல் ஆசீர்வாதம்போலத் தூக்கினார், முகத்தைக் கேமராவுக்குக் கொடுத்தார். நான் “ரொம்ப நன்றிங்கண்ணா” என்றேன். அவர் உதட்டை அசைக்காமல், “கொஞ்சம் குனி” என்றார். குனிந்தேன். பதினான்கு தடவை ஃபிளாஷ் அடித்தது. நடுவில் ஃபோட்டோக்காரரைக் கூப்பிட்டு, கேமராவின் சின்னத் திரையில் பார்த்து, தன் கன்னத்தில் நிழல் விழுகிறது என்று மறுபடி எடுக்கச் சொன்னார். சொல்தா நாற்காலியில் நன்றாகத் தூங்கிவிட்டார். பின்னால் பேனரில் பார்த்தால் அவர் கண் திறந்திருந்தது. வேறு எந்தப் படத்திலிருந்தோ கண்ணை எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் மிஷின் கடை ஆள் ஒரு தாளை நீட்டினார். “மிஷின் வாங்கிக்கினதுக்கு ஒரு கையெழுத்துமா.” எத்தனையோ பயப்படுகிறவள், அந்த ஒரு இடத்தில் பயப்படவில்லை. மேடைமேல் நின்று படிக்க வெட்கமாக இருந்தது. போட்டேன்.

மிஷின் நேராக வீட்டுக்கு வரவில்லை. டெம்போவில் ஏற்றி, மாலை போட்டு, அவர் பக்கத்தில் நிற்க ஊரைச் சுற்றி வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் இறக்கினார்கள். மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

என் வீட்டுக்காரர் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலால் மிதித்துப் பார்த்தார். “பரவால்லடி, உனக்கும் ஒரு வள்ளல் கெடைச்சான்” என்றார். அன்றைக்கே கட்டிங் ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் பேனர் ஏறியது. எங்கள் தெரு திரும்பும் முனையில் ஒன்று, உழவர்கரையில் அவர் மனை விற்கும் இடத்தருகே ஒன்று. தண்ணீர்க் குடத்தோடு நின்று நான் முதலில் பார்த்தது என்னைத்தான். என் முகம் ஒரு முறத்தைவிடப் பெரிசாக இருந்தது. பூ இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றியது. ஒரு நிமிஷம் அப்படி நின்றுவிட்டுத்தான் எழுத்தைப் படித்தேன்.

‘கணவரை இழந்து தவித்த சகோதரிக்குத் தையல் இயந்திரம் தந்து வாழ்வளித்த வள்ளலே, நீ வாழ்க.’

குடம் இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. பிடித்துக்கொண்டேன். மறுபடி படித்தேன். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று மற்ற நான்கு பெண்களைத் தேடினேன். அவர்கள் பேனரிலேயே இல்லை. புடவையும் இட்லிப் பானையும் பெரிசாகத் தெரியாது, சைக்கிள் அண்ணனை மறைக்கும் என்று விட்டுவிட்டார்கள்போல.

வீட்டுக்காரரிடம் சொல்லாமலிருந்தால் தெரியாமல் போய்விடுமா? அவருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. துறைமுகத்து டீக்கடையில் கூட வேலை செய்கிறவர்கள் காலையிலேயே பிடித்துக்கொண்டார்களாம்.

“செத்தவனுக்கு ஒரு டீ போடுப்பா, சக்கர தூக்கலா.”

“மச்சான், உனக்குக் கூலி எதுக்கு? நீதான் போய்ச் சேந்துட்டியே. உன் பங்க எங்களுக்குப் பிரிச்சிடு.”

இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “வுடுடி. எழுத்துல செத்தா உசுரு போயிடுமா? மிஷின் வந்துச்சில்ல.” ஆனால் அன்று அவர் சட்டையைக் கழற்றும்போது பொத்தானைப் பிய்த்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. உழவர்கரையிலிருந்து அவருடைய அக்கா, என் நாத்தனார், தலைமுடியை அவிழ்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். கூட இரண்டு பெண்கள். நாத்தனாருக்குப் படிக்கத் தெரியாது. பேனரில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பூக்காரி ஒருத்தியிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

“எந் தம்பிய யாருக்கும் சொல்லாம பொதைச்சிட்டியேடி. கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கறது மறந்துபோச்சாடி உனக்கு.”

தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. வீட்டுக்காரர் உள்ளே பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையில் பருக்கையோடு எழுந்து வந்தார்.

“யாருக்கா செத்தது?”

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார்கள். பிறகு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முன்னைவிடச் சத்தமாக அழுதார்கள். கூட வந்த பெண்கள், அழுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் வெயிட்டிங் எவ்வளவு என்று கேட்டார்.

எல்லாம் அடங்கியபிறகு நாத்தனார் என் பக்கம் திரும்பினார்கள்.

“தாலிய உள்ள தள்ளிக்கினு நின்னியாமே. எதிர்வூட்டுக்காரி சொல்றா. அவங்க சொல்லி நின்னியா, நீயா நின்னியா?”

“மின்னுதுன்னு சொன்னாங்க அண்ணி.”

“மின்னட்டுமே. அதுக்குத்தான கட்டறது.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. ஐஸ் உடைக்கும் மிஷினில் கை சிக்கினவர்களைப் பற்றி அவர் முன்பு சொன்ன கதைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. சாயங்காலம் அவர் வர அரைமணி தாமதமானால் தைத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு முனைவரைக்கும் ஓடுவேன். ஓடினால் அங்கே பேனர் நிற்கும். அதன் கீழே நின்றுதான் அவரை எதிர்பார்க்க வேண்டும். அந்த ஒரு வரி மட்டும் போய்விட்டால் போதும் என்று ஆனது எனக்கு. அதே சமயம், வாயைத் திறந்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்றும் இருந்தது. இருபது யூனிஃபார்ம் முடிந்திருந்தது. நாற்பது பாக்கி.

நாலு நாள் யோசித்துவிட்டு அண்ணனுடைய ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் எல்லோரும் இணையத்தில் ஒரு பக்கம் வைத்துப் படம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவரும் வைத்திருந்தார். திரையில் நானும் மிஷினும் அவரும்.

“வாக்கா. நல்ல நேரத்துல வந்த. என் மூஞ்சி கொஞ்சம் கறுப்பா வுழுந்திருக்கில்ல?”

“நல்லா இருக்குதுண்ணா. அந்த எழுத்துதான், எங்க வீட்டுக்காரர…”

“ஆமாமா, சொன்னாங்க. அது பேனர் கடைக்காரன் வேல. போன வருசம் ஒரு அம்மாவுக்கு கிரைண்டர் குடுத்தோம், அவங்க வீட்டுக்காரரு நெசமாவே இல்ல. அதே மேட்டர எடுத்து, கிரைண்டர மட்டும் மாத்திட்டுப் படத்த ஒட்டிட்டான். சோம்பேறிப் பய.”

“அப்ப மாத்திடுங்கண்ணா.”

“மாத்தலாம்.” அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆனா இத பாரு. இருபத்தி மூணு பேரு எழுதியிருக்காங்க. ஒருத்தன் துபாய், ஒருத்தன் பிரான்ஸ். ‘தெய்வமே’ன்னு போட்டிருக்கான் பாரு. கிரைண்டருக்கு ஆறு பேருதான் எழுதனாங்க. உன் மூஞ்சிக்கு அப்பிடி ஒரு சோகம் அமைஞ்சிருக்கு.”

“உயிரோட இருக்கறவருண்ணா.”

“யாரு இல்லன்னா? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்கே தெரியும். இன்னும் யாருக்குத் தெரியணும்?”

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. சமாதானமாக, அன்பாகக்கூடச் சொன்னார். பிறகு யோசித்து, வெள்ளைக் காகிதம் ஒட்டி அந்த வரியை மறைக்கச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மறுநாள் காகிதம் ஒட்டியிருந்தது. வரியின்மேல் இல்லை, பிறந்தநாள் தேதியின்மேல். தேதி தெரியாவிட்டால் பேனரை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கலாமே.

அடுத்த வாரம் மிஷின் கடை ஆள் வந்தார். மேடையில் என்னிடம் கையெழுத்து வாங்கினவர்தான்.

“முன்னூறு ரூபாய்ம்மா. மொத டியூ.”

“என்ன டியூ? அண்ணன் குடுத்த மிஷினுங்க.”

“அண்ணன் அட்வான்ஸ் அறநூறு கட்டனாரு. மீதி மூவாயிரம், மாசம் முன்னூறு, பத்து மாசம். உங்க பேர்ல. நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டீங்க, நான்தான வாங்குனேன்.”

“வாங்கிக்கினதுக்குன்னு சொன்னீங்களே.”

“வாங்கிக்கினதுக்குத்தான். தவணையில வாங்கிக்கினதுக்கு.” அவருக்கும் சங்கடமாக இருந்தது. செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். “அண்ணன் கட்டிடறேன்னுதான் சொன்னாரு. போன வருச கிரைண்டரும் அப்பிடித்தான். அந்தம்மா மூணு மாசம் கட்டிட்டு, முடியாம திருப்பிக் குடுத்துட்டாங்க.”

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெட்டிப் போட்ட துணி தரை முழுக்கக் கிடந்தது. கை இல்லாத சட்டைகள், பட்டி இல்லாத பினாஃபோர்கள். அவரை உட்கார வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

அண்ணன் கோபப்படவில்லை. “சின்ன விஷயம்” என்று பர்ஸை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தி, நண்பனைக் கூப்பிட்டு, போனில் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, மூன்று நூறு ரூபாய் நோட்டை விசிறி மாதிரி விரித்து என் கையில் வைத்தார். மீதி ஒன்பது மாசத்தையும் ஒரே தடவையில் தீர்த்துவிடுவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. லோக்கல் கேபிள் சேனலில் அவரைப் பற்றி அரைமணி நேர நிகழ்ச்சி வருகிறது. அதில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

“என்னா பேசணும்ணா?”

“பேனர்ல இருக்கறதத்தான். புதுசா ஒண்ணும் வேணாம். மாத்திச் சொன்னா அண்ணன் பொய் சொல்லிட்டாருன்னு ஆயிடும்ல.”

வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் காலில் ஐஸ் வெட்டின புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டாயிரத்து எழுநூறு எத்தினி நாள் கூலி தெரியுமா?” என்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை போகாதே என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். போயிருப்பேன்.

அண்ணன் ஆபீசிலேயே பின்னால் நீலத் துணி கட்டி எடுத்தார்கள். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. நானே சங்கிலியை உள்ளே தள்ளிக்கொண்டுதான் போனேன். முதல் தடவை என் குரல் கேட்கவில்லை என்றார்கள். இரண்டாவது தடவை நான் பேசும்போது அவர் தலையசைத்தது சரியாக விழவில்லை என்று அவரே நிறுத்தினார். மூன்றாவது தடவை சொன்னேன். “எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் அண்ணன்தான் எனக்கு எல்லாம்.” சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. நடிக்கவில்லை. அவர் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, “சூப்பர்க்கா” என்றார்.

பணத்தை நாளைக்குப் பசங்க கொண்டுவந்து தருவார்கள் என்றார்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் கேபிள் இல்லை. வீட்டுக்காரர் டீக்கடையில் பார்த்துவிட்டு வந்தார். அன்று யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லையாம். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“போனதுக்கப்புறம்னு சொன்னியே. எப்பிடிப் போனேன்னு கேட்டா என்னா சொல்லுவ? குடிச்சிட்டா, வியாதியா?”

நான் மிஷினை மூடிவைத்தேன்.

“யோசிச்சு வெச்சிக்க. கேப்பாங்க. சோத்தப் போடு.”

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது எல்லாம் கேள்விக்குப் பதில் மட்டும்தான். சுமார் இரண்டு மாதம் அப்படி இருந்தது. பிறகு சரியாகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்வேன்.

யூனிஃபார்ம் அறுபதையும் பள்ளி திறக்க இரண்டு நாள் முன்னால் கொடுத்துவிட்டேன். மேடம் கூலியை எண்ணித் தந்தார்கள். அது இரண்டு டியூவுக்குப் போனது. அண்ணனின் பசங்க வரவில்லை. நான் போகும்போதெல்லாம் அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். கம்ப்யூட்டரில் அந்த நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினார். ஒரு தடவை, நான் பேசும் இடம் வருவதற்குள் ஓட்டிவிட்டு, தான் பேசும் இடத்தை இரண்டு தடவை காட்டினார்.

மழை தொடங்கியபோது, பேனரைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கழற்றிச் சுருட்டிப் போட்டிருந்ததை என் வீட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்பக்கம் நான் குளிக்கிற இடத்தில் கட்டியிருந்த கீற்று மறைப்பு விழுந்துபோயிருந்தது. அதற்குக் கட்டலாம் என்று விரித்தார். உள்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் அண்ணன் முகம், சந்துப் பக்கம் பார்த்தபடி. அந்த முகம் பார்க்க நான் எப்படிக் குளிப்பது என்று அப்படித் திருப்பிக் கட்டினோம். கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரர் என்னுடைய கட்டிங் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார். சொல்லாமலே புரிந்தது. என் முகத்தையும் மிஷினையும், கீழே அந்த முழு வரியையும் வெட்டி எடுத்தேன். ஃப்ளெக்ஸ் துணி வெட்டுவது கஷ்டம், கத்தரிக்கோல் முனை மழுங்கிவிட்டது. ஓரத்தில் சொல்தாவை விட்டால், மீதி இருந்தது அண்ணன் மட்டும். ஒரு கை யாரும் இல்லாத இடத்தை ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணன் எங்கள் சந்துப் பக்கம் ஏதோ மனை காட்ட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மறைப்பைப் பார்த்து நின்றுவிட்டார். கோபப்படப் போகிறார், குளிக்கிற இடத்தில் கட்டிவிட்டோம் என்று சண்டைக்கு வரப் போகிறார் என்று நினைத்தேன்.

“இன்னும் பத்திரமா வெச்சிருக்கியாக்கா?” என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. கூட வந்தவர்களிடம், “பாத்தீங்களா, சனங்க எப்பிடி வெச்சிருக்காங்க பாருங்க” என்றார். வெட்டின ஓட்டை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இருந்தது. அதை நான் பழைய சிமெண்ட் சாக்கு வைத்துத் தைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்து, தன் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

“அண்ணா, அந்த பாக்கி.”

“குடுத்துடறேன்க்கா. உனக்கு இல்லாததா” என்றார். சாக்கில் படாமல் வெள்ளைச் சட்டையை ஒதுக்கிக்கொண்டு போனார்.

ஒன்பது டியூவையும் நான்தான் கட்டி முடித்தேன். கடைசி இரண்டை வீட்டுக்காரர் கூலியிலிருந்து கட்டினேன். மிஷின் என் பேரில் இருக்கிறது. அண்ணனுடைய இணையப் பக்கத்தில் அந்தப் படமும் வரியும் இன்னும் இருப்பதாகப் பெண்கள் சொல்கிறார்கள், என் வீட்டுக்காரர் இறந்தவராகவே. அண்ணன் எனக்குத் தர வேண்டியது இன்றைக்கும் இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.